கோயில்களுக்கு எழுதிய உயில் கல்லூரியானது எப்படி? பச்சையப்ப முதலியார் அறக்கட்டளையின் வரலாறு

சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் பெயர் தந்தவர் அக்கல்லூரியைத் தொடங்கவில்லை. அவர் மறைந்து 48 ஆண்டுகள் கழித்தே அதன் முதல் பள்ளி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நடந்தது ஒரு நீண்ட சொத்து வழக்கு.

தந்தையை இழந்த ஏழைக் குடும்பத்தில் 1754-ல் பிறந்த பச்சையப்ப முதலியார், தாயுடன் பெரியபாளையத்திலிருந்து சென்னைக்கு வந்தார். துபாஷியாக இருந்த நாராயண பிள்ளை என்பவர் அவருக்கு ஆதரவளித்துத் தொழில் பழக்கினார். ஆங்கிலேய வணிகர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் செயல்பட்டவர்களே துபாஷிகள். இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். இத்தொழிலிலும் தஞ்சாவூர் பகுதியில் மேற்கொண்ட கொடுக்கல் வாங்கலிலும் பச்சையப்பர் இளம் வயதிலேயே பெரும் செல்வம் ஈட்டினார். கூவம் ஆற்றில் நீராடிவிட்டுக் கோமளீசுவரர் கோயிலுக்குச் செல்வது அவரது வழக்கம் என்பார்கள். இன்றைய கூவத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்கலாம்.

சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுரத் திருப்பணியிலும் அவருக்குப் பங்குண்டு. 1794 மார்ச் மாதம் நோயுற்ற நிலையில் உயில் எழுதிய அவர், அம்மாத இறுதியில் திருவையாற்றில் காலமானார். அப்போது அவருக்கு வயது 40. சுமார் ஒரு லட்சம் வராகனை அறப்பணிகளுக்கு ஒதுக்கியிருந்தார். காசி முதல், அந்நாளில் திருவிதாங்கூர் அரசில் இருந்த கன்னியாகுமரி வரை கோயில் வழிபாடும் அன்னதானமும் நடைபெற வேண்டும் என்பதே அவரது விருப்பம்.

ஆனால் பணம் உரிய இடத்தைச் சென்றடையவில்லை. பொறுப்பாளர்களும் உறவினர்களும் பல்லாண்டுகள் வழக்காடினர். சென்னை அரசின் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் இதில் தலையிட்ட பின்னரே, அன்றைய சென்னை உச்ச நீதிமன்றம் அறநிதியை மீட்க வழிசெய்தது. அதற்குள் வட்டி சேர்ந்து தொகை பெருகியிருந்தது. கோயில் அறங்களுக்குத் தேவையானதை ஒதுக்கிய பிறகும் பணம் மிஞ்சியது. மிஞ்சிய அறப்பணத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்காமல், வேறொரு பொதுநன்மைக்குத் திருப்பிவிட ஆங்கிலேயச் சட்டத்தில் இடமுண்டு. அவ்வாறு கிடைத்த உபரி நிதியில் 1842 ஜனவரி 1 அன்று பிராட்வேயில் இலவசப் பள்ளி தொடங்கப்பட்டது. எஸ்பிளனேடு பகுதியில் ஏதென்ஸ் நகரக் கோயில் ஒன்றின் சாயலில் கட்டப்பட்ட பச்சையப்பன் மண்டபம் 1850-ல் திறக்கப்பட்டது. பள்ளி 1889-ல் கல்லூரியாக உயர்ந்து, 1940-ல் சேத்துப்பட்டுக்கு இடம் மாறியது.

மிஷனரிகளின் உதவியோ அரசின் பணமோ இன்றி உருவானது என்பது இந்நிறுவனத்தின் தனிப்பெருமை. எனினும், இந்து அறநிதி என்ற அடிப்படையே கதவை அடைக்கவும் காரணமாயிற்று. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு 1920-களின் பிற்பகுதியில்தான் அனுமதி கிடைத்தது. பிற மதத்தினர் 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

கணித மேதை ராமானுஜனும் முன்னாள் முதலமைச்சர் அண்ணாவும் இங்குப் பயின்றவர்கள். சென்னை, காஞ்சிபுரம், கடலூர் ஆகிய நகரங்களில் கல்லூரிகளை நடத்தும் பச்சையப்பன் அறக்கட்டளையே உயிலில் கண்ட கோயில் கட்டளைகளுக்கும் இன்று பொறுப்பு வகிக்கிறது.