படிக்கிறது ஒருவர், கூடப் போவது இன்னொருவர்: பல்கலைக்கழகக் குடும்பக் குடியிருப்பில் என்ன இருக்கு?

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போகிறவர் கணவன் அல்லது மனைவியையும் அழைத்துப்போவதாக இருந்தால், முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதுதான். இரண்டாவதாகக் கேட்க வேண்டியதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: கூட வருகிறவர் நாள் முழுக்க என்ன செய்வார்?

ஏன் இந்தக் கேள்வி?

மாணவருக்கு எஃப்-1 விசா என்றால், துணைக்கும் குழந்தைகளுக்கும் எஃப்-2. இதில் வேலைக்குப் போக அனுமதி கிடையாது. ஊரில் வங்கியிலோ ஐ.டி. கம்பெனியிலோ இருந்தவராக இருந்தாலும் இதே நிலைதான். 2015 முதல் பகுதி நேரமாகப் படிக்கலாம், ஆனால் கல்விக் கட்டணம் கையைக் கடிக்கும். ஜே-1 விசாவில் போகிறவரின் துணைக்கு மட்டும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு.

ஆக, மாணவருக்கு வகுப்பு, ஆய்வகம், நண்பர்கள் எல்லாம் தானாக அமைந்துவிடும். துணைக்கு நான்கு சுவர். அதிலும் வெளியே பனி கொட்டும் மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

குடும்பக் குடியிருப்பு எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள், 1944-ல் வந்த சட்டத்தின் உதவியோடு கல்லூரியில் சேர்ந்தார்கள். பலருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. டிரெய்லர்களிலும் போர்க்காலக் குடியிருப்புகளிலும் அவர்களைத் தங்க வைத்தார்கள். நிரந்தரக் குடியிருப்புகள் பிறகு வந்தன.

விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள ஈகிள் ஹைட்ஸ் அப்படி 1950-களின் பிற்பகுதியில் எழுந்தது. மெண்டோட்டா ஏரிக்குப் பக்கத்தில், சுமார் ஆயிரம் வீடுகள். வளாகத்துக்குப் போக 80-ம் எண் பஸ், டிக்கெட் இல்லை. கார் இல்லாத குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

தோட்டம்தான் ஹைலைட்!

1960-களில் தொடங்கிய ஈகிள் ஹைட்ஸ் சமூகத் தோட்டத்தில் 500-க்கும் மேற்பட்ட பாத்திகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பாத்தியில் கொரியாவிலிருந்து வந்தவர் இருப்பார், அந்தப் பக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, மிளகாய், தக்காளி எல்லாம் அங்கே கோடையில் வளரக்கூடியவை. பேச ஆங்கிலம் தடுமாறினாலும், கையில் ஒரு பிடி கீரை இருந்தால் பேச்சு தொடங்கிவிடும். மனநல ஆலோசனையைவிட இது பலருக்கு எளிதான வாசல்.

சமுதாயக் கூடத்தில் ஆங்கில வகுப்பு, குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள் நடக்கும். எஃப்-2 குழந்தைகள் அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கலாம். பள்ளி வயதுக்குக் கீழே என்றால்தான் சிக்கல்: டேகேர் கட்டணம் மிக அதிகம், ஒரு சம்பளத்தில், அதுவும் ஆராய்ச்சி உதவித்தொகையில், சமாளிப்பது கஷ்டம். குழந்தைகளோடு அம்மாக்களும் அப்பாக்களும் கூடும் விளையாட்டுக் குழுக்களின் அருமை அப்போதுதான் தெரியும்.

தன்னார்வத் தொண்டு செய்யலாமா?

செய்யலாம். ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை 'இலவசமாக' செய்துகொடுத்தால் விசா சிக்கல் வரலாம். சந்தேகம் இருந்தால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

போகும் முன் கவனிக்க…

எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இப்படி இருக்காது. சில இடங்களில் வீடு மட்டும்தான், கூடமும் இல்லை, வகுப்பும் இல்லை. வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கலாம் என்பதால் அட்மிஷன் வந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள். நிகழ்ச்சி அறிவிப்புகள் மாணவரின் மெயிலுக்கு மட்டும் போய், அங்கேயே தூங்கிவிடவும் வாய்ப்புண்டு. துணையின் மெயில் முகவரியையும் சேர்க்க முடியுமா என்று முதல் வாரமே கேளுங்கள்.

தோட்டம் வேண்டுமென்றால் இன்னொன்று: ஆகஸ்டில் போய் இறங்கும்போது அந்த ஆண்டின் பயிர்க்காலம் முடியும் தருவாயில் இருக்கும். அடுத்த ஆண்டுப் பாத்திக்கு எப்போது பதிவு என்பதைக் குளிர்காலத்திலேயே விசாரித்து வைக்கவும்.