நாட்டுக்கு உப்பும் மின்சாரமும் தரும் புத்தளக் கரை

கொச்சிக்கடைக்கு அருகே கடலில் கலக்கும் மகா ஓயாவில் தொடங்கி, வில்பத்துக் காட்டின் வட எல்லையான மோதரகம் ஆறு வரை நீண்டு கிடக்கிறது புத்தளம் மாவட்டத்தின் கரையோரம். இலங்கையின் மேற்குப் பக்கத்தில், கொழும்பின் ஈரக் காலநிலை முடிந்து மன்னாரின் வறட்சி தொடங்கும் இடம் இது. தெற்கே வென்னப்புவ, நாத்தாண்டியா பக்கம் அடர்ந்த தென்னந்தோப்புகள். சிலாபத்தைத் தாண்டி வடக்கே போகப் போக மழை குறையும், மண் வெளுக்கும், முட்புதர்கள் தலைகாட்டும். ஆண்டின் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து தீர்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் சோளகக் காற்று வடபகுதிக்கு மழை தருவது அரிது. இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இந்தக் கரையின் தொழில்களில் பாதி, அந்த வெயிலையும் காற்றையும் நம்பியே நடக்கின்றன.

மாவட்டத்தின் உயிர்நாடி புத்தளம் களப்பு. பரப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீட்டர்; ஆனால் பெரும்பாலான இடங்களில் ஆழம் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் இல்லை. கற்பிட்டித் தீபகற்பம் என்னும் ஒடுங்கிய மணல் திட்டு அதைக் கடலிலிருந்து பிரித்து நிற்கிறது. களப்பின் வாய் வடக்கே இருக்கிறது. ஒல்லாந்தர் குடாவும் போர்த்துக்கேயர் குடாவும் அங்கேதான். கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீர் கொண்டுவந்தாலும், வாயிலிருந்து தொலைவில் உள்ள தென்கோடியில் கோடை மாதங்களில் நீர் கடலைவிட உப்பாகிவிடும். புத்தளம் நகரமும் பாலாவியும் உப்பளங்களுக்குப் பேர்போனதற்கு இதுவே காரணம்.

தீபகற்பத்துக்கு வடக்கே காரைதீவு, இப்பந்தீவு, உச்சமுனை, பத்தலங்குண்டு என மணல் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் குடும்பத்தோடு வந்து வாடி போட்டு, மீன் பிடித்து, கருவாடு காயவைத்துவிட்டுப் போவது பல தலைமுறை வழக்கம். தீபகற்பத்தின் மேற்கே கடலுக்குள் இருக்கும் பவளப் பாறைத் தொடர் 1992 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998 இல் கடல் நீர் சூடேறியபோது அங்கே பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. பின்னர் ஓரளவு மீண்டவை 2016 இல் மறுபடியும் அடி வாங்கின.

இங்கே மனிதர் வாழ்ந்த வரலாறு மிகப் பழையது. வில்பத்துக்குள் இருக்கும் பொம்பரிப்பில் தோண்டியெடுக்கப்பட்ட முதுமக்கள் தாழிகள், திருநெல்வேலிச் சீமையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை நினைவூட்டுபவை. இரு கரைகளுக்கும் இடையே வரலாறு எழுதப்படும் முன்பே உறவு இருந்தது என்பதற்கு இவை வலுவான சான்று. 1344 இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ பயணி இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த ஊராகக் குறிப்பிடும் 'பத்தாலா' புத்தளமே என்பது பலரின் முடிவு. பிற்காலத்தில் கண்டி இராச்சியம் கடலைத் தொட்ட வாசல்களில் ஒன்றாகப் புத்தளம் விளங்கியது. அந்த வாசலை அடைத்து வைக்கவே ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கற்பிட்டியில் கோட்டை கட்டினார்கள். அதே கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் குலங்களையும் வழக்கங்களையும் தொகுத்து 1834 இல் ஒரு விவரண நூலை வெளியிட்டார். 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் தந்தார். தமிழ் இலக்கிய வரலாறு எழுதும் எவரும் இன்றும் அவரைத் தொடாமல் போக முடியாது.

2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 7,62,000. சிங்களவர் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு, முஸ்லிம்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில், தமிழர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. முஸ்லிம்களின் தாய்மொழியும் தமிழாதலால், நால்வரில் ஒருவர் வீட்டில் தமிழ் பேசுகிறார் எனலாம். இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையான கத்தோலிக்க மீனவ ஊர்கள் பல, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை தமிழில் பேசி, தமிழில் செபித்தவை. பள்ளிகள் சிங்களத்துக்கு மாறியதும் இரண்டு மூன்று தலைமுறைகளில் வீட்டு மொழியும் மாறியது. சிலாபத்துக்கு வடக்கே உடப்பு மட்டும் தமிழோடும் திரௌபதி அம்மனோடும் நிலைத்து நிற்கிறது. ஆடி மாதத் தீமிதிப்புக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அங்கே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள் ஈழத்து நாட்டார் இலக்கியத்தின் அரிய சொத்து.

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரம் சிவன் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதைப் புதுப்பித்தான். தலவில புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்கு எல்லா இனத்தவரும் கூடுகின்றனர். புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில், காலனியப் படைகளோடு வந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் தங்கள் மாஞ்சா இசையோடு வாழ்கின்றனர்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினர். கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்களில் மிகப் பலர் கற்பிட்டி, முந்தல், புத்தளம், வண்ணாத்திவில்லுப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். வரவேற்றவர்களும் வசதி படைத்தவர்கள் அல்லர். இருந்த கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் கூலி வேலையையும் வந்தவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். ஓலைக் குடிசை முகாம்கள் கல்வீடுகளாக மாறப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. உலக வங்கியின் உதவியுடன் வீடமைப்புத் திட்டம் வந்தது 2007 இல்தான். அதன் பிறகும் பலரின் வாக்கு மன்னாரிலும் வாழ்க்கை புத்தளத்திலுமாக இருந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க மன்னார் நோக்கிச் சென்ற பேருந்துகள் தந்திரிமலை அருகே தாக்கப்பட்டன.

தொழில்களில் மூத்தது உப்பு. களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் வற்றவைப்பார்கள். முதலில் சுண்ணச் சத்துகள் படிந்து ஒதுங்கும்; நீர் போதிய அளவு கனத்த பிறகு கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிட்டு வாரிக் குவிப்பார்கள். வாரும் நேரத்தில் ஒரு பெருமழை பெய்தால் மாதக்கணக்கான உழைப்பு கரைந்துபோகும். 2025 இல் பருவம் தவறிய மழை உப்பளங்களைக் கெடுக்க, நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு வாங்க நேர்ந்தது.

இறால் வளர்ப்பின் கதை இதைவிடக் கசப்பானது. 1980களில் சிலாபம் முதல் புத்தளம் வரை கண்டல் காடுகளையும் சேற்று நிலங்களையும் வெட்டிக் குளங்கள் தோண்டினார்கள். ஏற்றுமதிப் பணம் கொட்டியது. எல்லாப் பண்ணைகளும் ஒரே ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் முந்தல் களப்பிலிருந்தும் நீர் எடுத்து, அதிலேயே கழிவையும் விட்டன. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அந்த நீரே அதைப் பண்ணைக்குப் பண்ணை கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்னர் பகுதி பகுதியாக முறைவைத்து வளர்க்கும் ஏற்பாடு வந்ததால் தொழில் மீண்டது. ஆனால் கைவிடப்பட்ட குளங்களில் கண்டல் தானாக மீள்வதில்லை. சிலாபம் பாம்பலையில் 2016 இல் திறக்கப்பட்ட கண்டல் அருங்காட்சியகம் அந்த இழப்பை ஈடுகட்டும் முயற்சியின் பகுதி.

தெற்கே தென்னையே எல்லாம். லுணுவிலவில் 1929 முதல் இயங்கும் தென்னை ஆராய்ச்சி நிலையம் நாட்டுத் தென்னைக்கே தலைமையகம். வென்னப்புவ வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது இத்தாலியில் இருப்பார் என்று சொல்வது வழக்கம். அங்கே எழுந்து நிற்கும் பெரிய வீடுகள் அந்தப் பணத்தின் அடையாளம். கற்பிட்டி மணலில் மிளகாய், வெங்காயம், மரக்கறி செழிக்கின்றன. கடல் நீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீரே அங்கே கிணற்று நீர். இறைப்பு மிஞ்சினால் உப்பு ஏறும். தோட்டத்துக்கு இடும் உரம் மணல் வழியே நேராக அதில் இறங்கும். குடிக்கும் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தக் கரையின் ஆபத்துகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுவே.

அருவக்காலுவில் வெட்டும் சுண்ணாம்புக்கல் பாலாவித் தொழிற்சாலையில் சீமெந்தாகிறது. நுரைச்சோலை அனல் மின்நிலையம் சீனக் கடனில் கட்டப்பட்டது. 2011 இல் தலா 300 மெகாவாற்று கொண்ட மூன்று அலகுகளில் முதலாவது இயங்கத் தொடங்கியது. 2014 இல் மொத்தம் 900 மெகாவாற்றாக நிறைவடைந்தது. நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் இது. சோளகம் கடலைக் கலக்கும் மாதங்களில் நிலக்கரி இறக்க முடியாது. ஆகவே ஆண்டுக்கான கரியை அமைதியான மாதங்களிலேயே குவித்து வைக்கவேண்டும். காற்றடிக்கும்போது அந்தக் குவியலின் தூசும் சாம்பலும் அயல் தோட்டங்களில் படிவதாக மக்கள் நெடுநாளாக முறையிடுகின்றனர். அதே காற்றைக் கொண்டு 2010 முதல் மாம்புரி முதலிய இடங்களில் காற்றாலைகளும் சுழல்கின்றன.

ஆட்சி இரு கிளையாக நடக்கிறது. ஒன்று மத்திய அரசின் கை: மாவட்டச் செயலாளர், அவருக்குக் கீழ் 16 பிரதேச செயலகங்கள், ஊருக்கு ஊர் கிராம உத்தியோகத்தர். மற்றொன்று மக்கள் தெரிவு செய்யும் உள்ளூர் சபைகளும் வடமேல் மாகாண சபையும்; அதன் தலைமையிடம் குருநாகல். நாடாளுமன்றத்துக்கு மாவட்டம் எட்டுப் பேரை அனுப்புகிறது. விகிதாசார முறையின் கீழ் வாக்குகள் சிதறியதால், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிருந்து மக்கள் வாக்கில் ஒரு முஸ்லிம் உறுப்பினர்கூடத் தெரிவாகவில்லை. 2020 இல்தான் அந்நிலை மாறியது.

மின்நிலையமும் சுரங்கமும் உள்ளூர் சபைகளின் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல. 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்த பின், தலைநகரின் குப்பையை ரயிலில் அருவக்காலுவுக்கு அனுப்பும் திட்டத்தை மத்திய அரசே முன்னெடுத்தது. களப்புக்கும் வில்பத்துக்கும் அருகில் வேண்டாம் என்று 2018 இல் புத்தளம் மக்கள், இன வேறுபாடின்றி, மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில், 2013 இல் தெரிவான மாகாண சபையின் காலமும் முடிந்தது. அதன் பின் மாகாண சபைத் தேர்தல் நடத்தப்படவில்லை; ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நிர்வகித்து வருகிறார்.