கழிவுநீர்க் குழாயும் நம் கடமையும்

“சுத்தம் சோறு போடும்” என்பது பழமொழி. நாள்தோறும் வாசல் தெளித்துக் கோலமிடும் நாம், வீட்டுக் கழிவுநீர் எவ்வழியே செல்கிறதென்று எண்ணிப் பார்ப்பதில்லை. அது அடைத்துக்கொண்டு நாற்றமெடுக்கும்போதுதான் அதன் நினைவே நமக்கு வருகிறது.

கை கழுவும் தொட்டியின் கீழே குழாய் வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர், 1775-ஆம் ஆண்டு தமது கழிப்பறை அமைப்பில் இத்தகைய வளைவைச் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். வளைவில் தங்கும் நீர், சாக்கடை வாயு வீட்டிற்குள் ஏறாமல் தடுக்கிறது. விடுமுறையில் பூட்டிக் கிடந்த வீட்டில் துர்நாற்றம் வீசினால், பெரும்பாலும் இந்நீர் வற்றிவிட்டது என்பதே காரணம். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாலே சரியாகிவிடும்.

இனி, அடைப்புக்கு வருவோம். சமையலறையில் ஊற்றும் எண்ணெய் குழாயினுள் குளிர்ந்து படிகிறது. சோற்றுப் பருக்கையும் காப்பிச் சக்கையும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. குளியலறையில் உதிர்ந்த முடியும் சோப்பும் சேர்ந்து அடைக்கின்றன. கழிப்பறையிலோ துணி, பஞ்சு, நாப்கின் ஆகியவை கரையாமல் சிக்குகின்றன. ஓரிடத்தில் மட்டும் நீர் தேங்கினால் அடைப்பு அவ்விடத்திலேயே இருக்கும். வீடு முழுவதும் தேங்கினால், பொதுக் குழாய் அடைத்திருக்கும். அல்லது செப்டிக் டாங்க் நிறைந்திருக்கும்.

செப்டிக் டாங்கில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை போல் நாறும். ஆனால் அளவு மிகுந்தால், நாற்றத்தை அறியும் உணர்வே மரத்துவிடும். “நாற்றமில்லையே” என்று இறங்கியவரும், அவரைக் காக்க இறங்கியவரும் அடுத்தடுத்து மடிவது இதனால்தான். தக்க பாதுகாப்பின்றி ஒருவரை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இவ்வாறு இறப்போர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்க உச்சநீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. ஆயினும் போன உயிர் திரும்புமா?

ஆகவே தோழியரே, எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்த பின் கழுவுங்கள். நீர் போகும் வாயில் சல்லடை மூடி வையுங்கள். நாப்கினைத் தாளில் சுற்றிக் குப்பைக் கூடையில் போடுங்கள். செப்டிக் டாங்கை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சு லாரி கொண்டு சுத்தம் செய்யும்படி பெற்றோரிடம் கூறுங்கள். நாம் அலட்சியமாக எறியும் துணியை எடுக்க, இன்னொருவர் தம் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.