ஒரு வாட்டில் எவ்வளவு சத்தம்?

ஹோம் தியேட்டர் ரிசீவரை மாற்றப்போகிறேன் என்று கடையில் சொன்னதும் பேச்சு நேராக வாட்டுக்குத்தான் போகும். பழையது எத்தனை வாட், இது நூறு, அது நூற்றைம்பது என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும், கூடவே விலையும். கையில் இருப்பது அளவான பணம் என்றால், அதில் பெரும்பகுதியை இந்த ஒரு எண்ணே விழுங்கிவிடும். பணத்தை எங்கே போடலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் வாட்டும் காதும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்துவிடுவது நல்லது.

ஆம்ப்ளிஃபயரின் திறனை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். சத்தம் இரட்டிப்பானது போல நம் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 70 வாட் ரிசீவரைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்கினால் கிடைப்பது ஒன்றரை டெசிபல். இரண்டையும் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் கண்டுபிடிக்கலாம். மறுநாள் சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது தெரியாது.

புத்தக அலமாரியில் வைக்கும் அளவுள்ள சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 88 டெசிபல் வரை வரும். மூன்று மீட்டர் தள்ளி நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது 80 அளவுக்குக் குறையும். வசனத்துக்கு 70 டெசிபலே தாராளம். அதாவது கதாநாயகனும் வில்லனும் எதிரெதிரே நின்று பேசும் காட்சி முழுவதும் அந்த ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு! கார் வெடித்து 90 டெசிபலுக்கு எகிறும் கணத்தில் 10 வாட் போதும். திரையரங்கின் உச்ச அளவான 105 டெசிபலை வீட்டில் தொட வேண்டும் என்றால்தான் கணக்கு 300 வாட்டைத் தாண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதை எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் பொறுக்கமாட்டார்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் சிக்கனத்துக்கு வழி கிடைக்கிறது. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 91 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கினால், ரிசீவரின் திறனை இரட்டிப்பாக்கிய பலன் வந்துவிடும். ஸ்பீக்கர் விவரத்தாளில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு வரியில் கிடக்கும் இந்த எண்ணைக் கடையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. கேட்டு வாங்க வேண்டும்.

வாட் எண்ணிலேயே பலவகை உண்டு. தொடக்கநிலை ரிசீவர் ஒன்றின் விவரத்தாளில் 70, 100, 135 என மூன்று எண்கள் இருக்கலாம். முதலாவது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானல் ஓடும்போது, திரிபு 0.1 சதவீதத்துக்குள் இருக்கும்படி அளந்தது. இரண்டாவது, ஒரே ஒரு சானல், 1,000 ஹெர்ட்ஸ் மட்டும். மூன்றாவது, 10 சதவீதத் திரிபில் அளந்தது. அந்த நிலையில் சத்தம் கிழிய ஆரம்பித்திருக்கும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது மூன்றாவது எண்தான். அமெரிக்காவில் இந்த எண் விளையாட்டைக் கட்டுப்படுத்த 1974-இலேயே விதி கொண்டுவந்தார்கள். ஹோம் தியேட்டர் ரிசீவர்களின் காலத்துக்கு ஏற்ப 2024-இல் அதைத் திருத்தினார்கள்: 8 ஓம் சுமை, முழு அலைவரிசை, திரிபு 1 சதவீதத்துக்குக் கீழே. நம் கடைகளிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: எத்தனை சானல் ஓடும்போது, எத்தனை ஓமில், எவ்வளவு திரிபில்?

சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி அசெம்பிள் செய்து தரும் 5.1 ஆம்ப்ளிஃபயர்களுக்கும் இதே அளவுகோல்தான். 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பெட்டியில் தொடர்ந்து கிடைக்கக்கூடிய மொத்த மின்திறன் 24-ஐ 5-ஆல் பெருக்கினால் வரும் 120. அதிலும் கணிசமான பங்கு ஹீட்சிங்க்கில் வெப்பமாகப் போய்விடும். மீதி எழுபதோ எண்பதோ வாட்டை ஆறு சானல்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முகப்பில் ஆயிரம் என்று ஒட்டியிருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மரை மீறி எதுவும் வெளியே வராது. நேர்மையாகக் கட்டிய அசெம்பிள் செட்டுகள் மீது எனக்கு மதிப்பு உண்டு. நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடியும் போட்டுக் கைதேர்ந்த ஒருவர் கட்டினால் ஸ்டீரியோவில் அருமையாகப் பாடும். வாங்குமுன் மூடியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் ரிசீவரை எதற்காக மாற்றுவது? முதற்காரணம் இணைப்பு. 4கே படத்தின் நகல்தடுப்புக் குறியீடு தெரியாத பழைய ரிசீவரை நடுவில் வைத்தால் திரை இருண்டுவிடும். இதற்காக உடனே புதியது வாங்க ஓடத் தேவையில்லை. ஓடிடி பெட்டியையோ செட்டாப் பாக்ஸையோ நேராக டிவியில் சொருகிவிட்டு, டிவியிலிருந்து ஒலியை மட்டும் ரிசீவருக்கு அனுப்பலாம். ஆப்டிகல் கேபிளில் டால்பி டிஜிட்டல் 5.1 வரை வரும். 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. ஏஆர்சி வழியில், ஓடிடி தளங்கள் தரும், தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் டால்பி அட்மாஸ்கூட வந்துவிடும். ப்ளூ-ரே தட்டின் இழப்பற்ற ஒலியை டிவி வழியாகவே எடுக்க வேண்டியவர்களுக்குத்தான் 2017-இன் இஏஆர்சி அவசியம். தட்டே வாங்காத வீட்டில் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

பெட்டியோடு வந்த பழைய ஹோம் தியேட்டர் செட்டின் ஸ்பீக்கர்களைப் புது ரிசீவரில் மாட்ட நினைப்பவர்கள் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். அவற்றில் பல 3 அல்லது 4 ஓம். 6 ஓமுக்குக் குறையக்கூடாது என்று எழுதியிருக்கும் ரிசீவரில் அவற்றை மாட்டினால் மின்னோட்டம் கூடி, நல்ல காட்சியில் பாதுகாப்புச் சுற்று ரிசீவரை அணைத்துவிடும். ஒயருக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போக வர 0.12 ஓம்தான் தடுக்கும்.

நான் பணம் போடச் சொல்வது மைக் வைத்து அறையை அளக்கும் வசதிக்கு. நம் அறைகளில் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. பாஸ் இவற்றில் எதையும் ஊடுருவாமல் திரும்பித் திரும்பி வரும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. பத்தடி அகல அறையில் 57 ஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர்களுக்கு நடுவே நிலையாக நின்றுவிடும். பன்னிரண்டடி நீளத்தில் 48 ஹெர்ட்ஸ். சுவரை ஒட்டி உட்கார்ந்தவருக்கு அந்தச் சுரம் குமுறும், அறையின் நடுவில் இருப்பவருக்குக் காணாமலே போகும். பத்துக்குப் பத்து அறை இன்னும் மோசம், இரண்டு திசையிலும் அதே 57 வந்து சேர்ந்துகொள்ளும். சப்வூஃபர் சரியில்லை என்று மாற்றுகிற பலருக்கும் உண்மையில் சரியில்லாமல் இருப்பது அறை.

டெனானில் ஆடிசி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று பெயர் வேறுபட்டாலும் வேலை ஒன்றுதான். காது இருக்கும் உயரத்தில் மைக்கை வைத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் விட்டுவிட்டு ஓசை எழுப்பும். யார் அருகில், யார் தூரத்தில், எந்த அலைவரிசை தூக்கலாக இருக்கிறது என்று ரிசீவர் கணக்கிட்டு, ஒரு மீட்டர் அருகிலுள்ள ஸ்பீக்கரை மூன்று மில்லிநொடி தாமதப்படுத்தி, குமுறும் சுரத்தை அடக்கும். காணாமல் போன சுரத்தை இதனால் மீட்க முடியாது. எவ்வளவு திறன் கொடுத்தாலும் எதிரெதிர் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டே இருக்கும். சோபாவை இரண்டடி நகர்த்துவதுதான் அதற்கு மருந்து. அளக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், மைக்கைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். விலை குறைந்த சில மாடல்கள் சப்வூஃபரை மட்டும் சரிசெய்யாமல் விட்டுவிடும் என்பதால், இதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சப்வூஃபருக்குச் சொந்த ஆம்ப்ளிஃபயர் இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்குத் திருப்பிவிடலாம். அதிக மின்னோட்டம் கேட்கும் வேலை ரிசீவரின் தலையிலிருந்து இறங்கிவிடும். 5.1-ஐ ஒழுங்காக அமைக்காமல் அட்மாஸுக்குப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அமைத்தபின் போனால், கூரையில் ஒலியை எறிந்து திருப்பும் மேல்நோக்கு ஸ்பீக்கருக்கு நம் தட்டைக் கான்கிரீட் தளம் நன்றாகவே ஒத்துழைக்கும். ஓட்டு வீட்டுச் சரிவுக் கூரை ஒத்துழைக்காது.

பழைய சந்தையில் பாதி விலைக்கு நல்ல ரிசீவர்கள் கிடைக்கின்றன. என் முதல் யோசனையும் அதுதான். ஆனால் அது முன்பு எங்கே இருந்தது என்று விசாரியுங்கள். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் பாதியாகும். மூடிய டிவி அலமாரிக்குள் ஏழெட்டு கோடையைக் கழித்த ரிசீவருக்கு வெளித்தோற்றம் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வயதாகியிருக்கும். எல்லாச் சானலையும் அரை மணி நேரம் ஓடவிட்டு, முனகல் வருகிறதா என்று காது வைத்துக் கேளுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தது 120. பின்பக்கம் பொறித்திருக்கும் அந்த எண்ணைப் படித்து, அதற்கேற்ற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் கூட்டிய பிறகு பேரம் பேசுங்கள்.