ஒன்றரை ஷிப்ட்

முதலிபாளையம் சிட்கோ பக்கம் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றில் தைக்கிற அக்காவிடம், எத்தனை மணிநேர வேலை என்று கேட்டேன். 'ஒன்றரை ஷிப்டுங்க' என்றார். மணிக்கணக்கு திருப்பூர்ப் பேச்சில் இல்லை. எட்டு மணிநேரம் ஒரு ஷிப்ட், அதன்மேல் நாலு மணிநேரம் அரை ஷிப்ட். ஒரே நாளில் 9 மணிநேரத்தைத் தாண்டினால் இரட்டைக் கூலி என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு. 'அரை ஷிப்ட்' என்று பெயர் வைத்துவிட்டால் மிகைநேரமே கிடையாது. பாதிச் சம்பளம், அவ்வளவுதான். சட்டத்தை இங்கே யாரும் எதிர்க்கவில்லை, ஒரு சொல்லைப் போட்டுக் கடந்துபோனார்கள்.

2023 ஏப்ரல் 21 அன்று 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் 65ஏ பிரிவு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்க எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். வெற்றிதான். ஆனால் அரை ஷிப்ட் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது.

கட்டுப்பாடு வந்தால் தொழில்நுட்பம் முடங்கும் என்கிற வாதத்தை இந்த ஊரே பொய்யாக்கியிருக்கிறது. சாயக்கழிவு நொய்யலைக் கொன்றபோது நீதிமன்றம் போனவர்கள் ஆயக்கட்டு விவசாயிகள். சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் கெடு விதித்தது. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பச் சாயத்துக்கே எடுக்கிற முறை இந்த நெருக்கடியில்தான் இங்கே வேரூன்றியது. (மூடிக்கிடந்த மாதங்களில் கூலி போனது சாயத் தொழிலாளிக்கு.) ஆங்கிலேயக் கம்பளி நூற்பாலைகளில் குழந்தைகளின் வேலைநேரத்தைச் சட்டம் குறைத்ததும் இழை ஒட்டும் இயந்திரம் வந்ததை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் எடுத்துக்காட்டுகிறார். உடம்பு மலிவாகக் கிடைக்கும்வரை இயந்திரத்துக்கு அவசரமில்லை.

அப்படியானால் திருப்பூருக்கு இயந்திரம் வரவில்லையா? வந்திருக்கிறது, ஒரு பக்கமாக. பெரிய கம்பெனிகளில் துணியை விரிப்பதும் வெட்டுவதும் கணினி. தையலில் அது எளிதில்லை: பனியன் துணி இழுபடும், ஓரம் சுருளும், விரல் வேண்டும். வேகமாக வெட்டிய துண்டுகள் மூட்டையாக ஜாப் ஒர்க்குக்கு வருகின்றன, கூடவே ஷிப்மெண்ட் தேதியும். ஆக, நவீனம் ஒரு கூரையடியில், அதன் அவசரம் வேறொரு கூரையடியில். சட்டமோ ஒவ்வொரு கூரையையும் தனித்தனியாக எண்ணுகிறது.

அந்த எண்ணும் இப்போது மாறிவிட்டது. மின்சாரத்தில் இயங்குமிடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பில் அது 20. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி ஏட்டில் தொடர்கிறது. 20க்குக் கீழே தொழிற்சாலை உரிமம் தேவையில்லை. அக்கா தைக்கிற இடத்தில் 16 பேர். இனி அது 'தொழிற்சாலை' இல்லை, வெறும் 'நிறுவனம்'. இதை அவரிடம் சொன்னேன். 'எங்களுக்கு எப்பவுமே அது கம்பெனிதானுங்க' என்றார்.