குடிசனக் கணக்கும் வெள்ளக் காலத்துத் தாயும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கீழைக் கரையை எழுவான்கரை என்றும், மேலைக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு அமைந்த பெயர்கள் இவை. பெருவீதியும் பெரிய சந்தைகளும் பெரிய வைத்தியசாலைகளும் எழுவான்கரையில் அமைந்தன. வயலும் மேய்ச்சல் நிலமும் காடும் படுவான்கரைக்கு உரியவாயின.

போரதீவுப்பற்றைச் சேர்ந்த பழுகாமம் படுவான்கரையின் பழைய ஊர்களுள் ஒன்று. அவ்வூர்த் தாயொருத்திக்குப் பேறுகாலத்திற் சிக்கல் நேர்ந்தால், களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு நகரிலுள்ள போதனா வைத்தியசாலைக்கோ அவளைக் கொண்டு செல்லல் வேண்டும். இரண்டும் வாவிக்கு அப்பால் உள்ளன. கோடையிற் பட்டிருப்புப் பாலத்தைக் கடத்தல் எளிது. வடகீழ்ப் பருவக்காற்று மழை கொட்டும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் நிலைமை வேறு. மேற்கேயுள்ள குளங்களும் ஆறுகளும் நிரம்பிப் பெருகும் நீர் வாவியை நோக்கி ஓடிவரும். முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால், அதனை வெட்டிவிடும்வரை நீர் கடலுக்கு வடியாது. தாழ்ந்த வீதிகள் மூழ்கும். பாலம் நிற்கும், பாலத்துக்குச் செல்லும் வழி நில்லாது.

இத்தகைய நாளொன்றில் அதிகாரிகள் முன் எழும் கேள்வி மிக எளியது: வெள்ளத்தால் துண்டிக்கப்பட்ட ஊர்களில் எத்தனை கர்ப்பிணிகள் இருக்கின்றனர்? அவர்களுள் இவ்வாரம் பேறடையக் கூடியவர் எத்தனை பேர்? இதற்கு விடை வெள்ளம் வந்தபின் தேடினாற் கிடைப்பதன்று. முன்னரே எண்ணி வைத்திருந்தால் மட்டுமே கிடைப்பது. குடிசனக் கணக்குக்கும் காலநிலை மாற்றத்துக்கும் தாய்மார் நலத்துக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தொடங்குகிறது.

காலநிலை மாற்றம் என்பது பழுகாமத்துக்குப் புதிய இடர்களைக் கொண்டுவருவதைக் காட்டிலும், பழைய இடர்களை மிகுவிக்கும் ஒன்றாகும். புவி வெப்பமடையுந்தோறும் வளிமண்டலம் கூடுதலான நீராவியைத் தாங்குகிறது. ஆதலின் மழை பெய்யும் நாளிற் பெருமழையாகப் பெய்கிறது. கடல் மட்டம் உயருந்தோறும் வாவிநீர் வடிவது தாமதமாகிறது. கரையோரக் கிணறுகளில் உவர் ஏறும் அபாயமும் கூடுகிறது. கடும் வெப்பம் குறைமாதப் பேற்றுக்கான வாய்ப்பை அதிகரிக்கிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளிற் கண்ட முடிபு. வங்காள தேசத்தின் தென்மேற்குக் கரையோரத்தில், உவர் ஏறிய நீரைப் பருகும் கர்ப்பிணிகளிடையே உயர் குருதியமுக்கம் மிகுந்து காணப்பட்டமையும் ஆராயப்பட்டுள்ளது. வெள்ளம், வெப்பம், உவர் ஆகிய மூன்றும் ஒரு கர்ப்பிணியைத் தாக்குவதுபோற் பிறரைத் தாக்குவதில்லை.

இனி, எண்ணிக்கையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இலங்கை முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. 1981ஆம் ஆண்டு மதிப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறக்குறைய 3 இலட்சத்து 30 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். 1991இல் நடைபெற்றிருக்க வேண்டிய மதிப்பு போர் காரணமாக நாடெங்கும் நடைபெறவில்லை. 2001இல் நடந்த மதிப்பு 18 மாவட்டங்களிலேயே முழுமையுற்றது. மட்டக்களப்பு அவற்றுள் அடங்கவில்லை. 1993, 2000 ஆகிய ஆண்டுகளிற் பெண்களின் மகப்பேறு, குடும்பத் திட்டம் ஆகியவற்றை அறிய நடத்தப்பட்ட நாடளாவிய அளவீடுகளும் வடக்கையும் கிழக்கையும் விலக்கியே செய்யப்பட்டன.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. அன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் கடைசி முழுக் கணக்குக்கு வயது 23. அந்தக் கணக்கிற் கைக்குழந்தையாகப் பதியப்பட்டவள், அலை வந்த நாளில் தானே ஒரு தாயாகியிருக்கக்கூடும். பாதிக்கப்பட்ட கட்டடங்களையும் மக்களையும் எண்ணும் பணி கடல் பின்வாங்கியபின் தொடங்கியது. கிழக்குக் கரையோர முகாம்களிற் பின்னர் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, பெண்களின் இறப்பு வீதம் ஆண்களுடையதைப் போல் இரு மடங்குக்கும் மேல் என்று காட்டிற்று. யார் எங்கே வாழ்கின்றனர், அவருட் பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்பதை முன்னரே அறிந்திருப்பது எத்துணை அவசியம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

2007இல் கிழக்கில் ஒரு சிறப்புக் கணக்கெடுப்பு நடந்தது. முழுமையான குடிசன மதிப்பு 2012இலேயே நிறைவேறியது. அப்போது மாவட்டத்தின் தொகை 5 இலட்சத்து 26 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த மதிப்பு, தொற்றுநோயும் பொருளாதார நெருக்கடியும் இடையிட்டமையால், 2024இல் நடைபெற்றது.

ஆயினும் ஒரு மாவட்டத்தின் மொத்தத் தொகை எந்தத் தாயையும் காப்பதில்லை. அதனை ஊர்வாரியாகவும் வயதுவாரியாகவும் பிரித்துப் பயன்படுத்தும்போதே அதற்கு உயிர் உண்டாகிறது. அதற்கு வேண்டிய கணக்கு கடினமானதன்று. ஓரிடத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 15 குழந்தைகள் பிறக்கின்றன என்று கொள்வோம். கர்ப்ப காலம் ஒன்பது மாதம். அஃதாவது ஆண்டின் முக்காற் பங்கு. எனவே, எந்த நாளில் எண்ணினும் அந்த ஆயிரவருள் ஏறக்குறைய 11 பேர் கர்ப்பிணிகளாக இருப்பர். மூவாயிரம் மக்கள் வாழும் ஒரு பகுதியில் இத்தொகை 34 ஆகும். அவர்களுள் மாதந்தோறும் நால்வரளவிற் பேறடைவர். கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 15 பேருக்குச் சிக்கல் நேரலாம் என்பது உலக வழக்கிலுள்ள மதிப்பீடு. அதன்படி 34 பேருள் ஐவருக்கு வைத்தியசாலையின் உதவி அவசரமாகத் தேவைப்படலாம். ஒரு வெள்ளம் பத்து நாள் வழியை அடைத்தால், எத்தனை தாய்மாரை முன்கூட்டியே வாவியைக் கடக்கச் செய்வது, எத்தனை படகுகளை ஆயத்தமாக வைப்பது என்பதெல்லாம் இக்கணக்கிலிருந்து பெறப்படும்.

உள்ளூர்க் கணக்கு கிடையாதவிடத்து, மக்களுள் நூற்றுக்கு நால்வர் கர்ப்பிணிகள் என்று கொள்ளும் வழக்கம் உலக நிவாரண அமைப்புகளிடம் உண்டு. பிறப்பு வீதம் மிக உயர்ந்த நாடுகளுக்கு அது பொருந்தும். மேற்கூறிய மூவாயிரவர் பகுதிக்கு அதனைப் பொருத்தினால், 34 என்பது 120 ஆகிவிடும். இலங்கையிலோ பிறப்புகள் குறைந்து வருகின்றன. 2019இல் 3 இலட்சத்துக்கு மேற் பதிவான பிறப்புகள், 2023இல் இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கின. ஆகவே, இரவல் வாங்கிய எண் ஓரிடத்திற் பொருள்களைக் குவிக்கும். தேவையுள்ள மற்றோரிடத்தை வெறிதே விடும்.

இத்துறையில் இலங்கை பெருமை கொள்ளத்தக்க ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த அமைப்பில், ஏறக்குறைய மூவாயிரம் மக்களுக்கு ஒருவராகக் குடும்பநல உத்தியோகத்தர் நியமிக்கப்படுகிறார். மருத்துவிச்சி என்று ஊரார் அழைக்கும் இவர், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மனைவியரையுடைய குடும்பங்களைப் பதிவேட்டிற் குறித்து வைக்கிறார். கர்ப்பிணி யார், பேறு எதிர்பார்க்கப்படும் நாள் எது, முன்னைய பேறுகளில் நேர்ந்த சிக்கல் யாது, தம்பதியர் கைக்கொள்ளும் குடும்பத் திட்ட முறை யாது என்பன அதில் உள. இந்நாட்டிற் பேறுகளுள் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்டவை வைத்தியசாலைகளில் நிகழ்வதற்கு இவர்களின் உழைப்பும் ஒரு காரணமாகும்.

குடிசன மதிப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது. மருத்துவிச்சியின் பதிவேடு மாதந்தோறும் புதுக்கப்படுவது. முன்னையது எத்தனை பேர் என்று கூறும். பின்னையது யார் என்று கூறும். கிராம உத்தியோகத்தர் பிரிவுகளின் எல்லைகளை வரைந்த படத்தின்மேல், வெள்ளம் ஏறும் இடங்களைக் காட்டும் படத்தை வைத்து, அவற்றோடு இவ்விரு கணக்குகளையும் இணைத்து நோக்கினால், மழை தொடங்குமுன்பே ஆபத்தான ஊர்கள் கண்முன் தெரியும். கருத்தடை மாத்திரை, ஊசி ஆகியன எத்தனை பேருக்குத் தேவை என்பதும் தெரியும். வெள்ளத்தால் மாத்திரை தவறிய பெண் விரும்பாத கர்ப்பத்தைச் சுமக்க நேர்வதும் ஒரு வெள்ளச் சேதமே. அச்சேதம் எந்த மதிப்பீட்டுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியம். மக்கள் பெருகுவதாற்றான் காலநிலை கெடுகிறது. ஆகவே பிறப்பைக் குறைப்பதே மருந்து என்று சிலர் கூறுவர். இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியேற்றும் கரியமில வாயு ஏறக்குறைய 1 தொன். உலகச் சராசரி 4 தொன்னுக்கும் மேல். படுவான்கரையில் வேளாண்மை செய்யும் குடும்பத்தின் பங்கு மிகச் சிறிது. புவியைச் சூடாக்காதவளின் தொட்டிலின்மேற் பழி சுமத்துவது அறமன்று. 1994இற் கைரோவிற் கூடிய உலக மாநாடு, எத்தனை குழந்தைகள், எப்போது என்பதைத் தம்பதியரும் தனிமனிதரும் தாமே உரிமையோடு தீர்மானிக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. எண்ணுவது தாய்க்கு உதவுவதற்கேயன்றி, அவளுக்குக் கட்டளையிடுவதற்கன்று.

மற்றுமொன்று. போர்க் காலத்திற் பெயர்ப் பட்டியல் என்றாலே அஞ்சிய மக்கள் இப்பகுதியினர். ஒரு பெண்ணின் கர்ப்பமும் கருத்தடையும் அவளுடைய அந்தரங்கம். அனர்த்தக் குழுவுக்கு வேண்டியது எண், பெயரன்று. பெயர்கள் மருத்துவிச்சியின் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும். அந்த நம்பிக்கை கெட்டால், கதவைத் திறக்கும் தாய் உண்மையைச் சொல்லாள். உண்மையற்ற கணக்கு வெள்ள நாளிற் பயன்படாது.

பெரும்போகத்துக்கு விதைக்குமுன் உழவன் வரம்பைப் பார்க்கிறான், வாய்க்காலைப் பார்க்கிறான், வித்து எத்தனை அவணம் என்று கணக்கிடுகிறான். மழைக்கு முன்னர் அவன் வயலுக்குச் செய்யும் அந்த ஆயத்தத்தை, ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு பிரதேச செயலகமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் கூடியிருந்து தாய்மாருக்காகச் செய்தல் இயலாததன்று. அதற்கு வேண்டிய ஏடுகள் முன்னரே எழுதப்பட்டுள்ளன. அவற்றை ஒரே மேசையில் வைத்துப் படிப்பதே எஞ்சியுள்ள பணி.