ஈயக் குண்டும் ஏரிக்கரையும்

காற்றுத் துப்பாக்கியின் குழலைப் பற்றிச் சென்ற வாரம் சொன்னவற்றின் தொடர்ச்சியாக, அக்குழலுக்குள் புகும் ஈயக் குண்டைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. ஒரகடம் வட்டாரத்தில் ஆலை வேலைக்கு வந்து, முதற் சம்பளத்தில் ஏர் கன் ஒன்று வாங்கிவிட்ட இளைஞர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: எந்தக் குண்டைப் போட்டுச் சுட்டால் குறி தவறாது, முயலோ கௌதாரியோ துடிக்காமல் உடனே விழும்? கேள்வியின் முற்பாதிக்குச் சாஸ்திரம் விடை சொல்லும். பிற்பாதிக்குச் சட்டம் எப்போதோ விடை சொல்லிவிட்டது.

துப்பாக்கிக்கும் ஒரகடத்துக்கும் சம்பந்தம் இல்லாமலும் இல்லை. 2013 முதல் இங்கே மோட்டார் சைக்கிள் செய்து வரும் ராயல் என்பீல்டின் மூலக் கம்பெனி, இங்கிலாந்தில் என்பீல்டு என்னும் ஊரிலிருந்த அரசாங்க ஆயுதசாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்து, அவ்வூர்ப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டு, தன் வண்டிகள் துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டவை என்று விளம்பரமும் செய்துகொண்டது. அது கிடக்கட்டும். மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் உருப்படியைத் தள்ளிவிடுகிற தரப் பரிசோதகர்கள் நிறைந்த இந்த வட்டாரத்துக்குக் குண்டின் சூக்ஷ்மத்தை விளக்குவது சுலபம். ஏனென்றால் நல்ல குண்டு டப்பாக்களின் மேல் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டம் அச்சிட்டிருப்பது அந்த நூறில் ஒரு பங்கைக் கருதித்தான்.

குண்டு என்று பெயரே தவிர, அது உருண்டையன்று. உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கியது. முன்னே கனத்த தலை. பின்னே உள்ளீடற்ற மெல்லிய பாவாடை. விசை விடுபட்டதும் பின்னிருந்து தள்ளும் காற்று அந்தப் பாவாடையை விரித்துக் குழலின் சுவரோடு ஒட்டச் செய்வதால் காற்று வீணாய்க் கசிவதில்லை. குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகளும் குண்டைப் பற்றிச் சுழற்றி அனுப்புகின்றன. தட்டைத் தலைக் குண்டு காகிதத்தில் அச்சுக் குத்தினாற்போல் துளை போடும். ஆதலால் பந்தயக்காரர்கள் அதையே விரும்புவார்கள், ஆனால் தூரம் போகப் போக அதன் நேர்மை குலையும். உருண்டைத் தலைக் குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு வேகத்தைக் காப்பாற்றும். கூர்முனைக் குண்டை நம்முடைய கடைக்காரர்கள் மிகவும் புகழ்வார்கள். பார்வைக்கு வீரமாய் இருப்பதைத் தவிர அதில் விசேஷம் அதிகமில்லை என்பதே என் அபிப்பிராயம்.

2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற பத்து மீட்டர் போட்டியில், இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. அந்த மட்டத்திலுள்ளவர்கள் துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கிவிட்டு, ஒரே பெயருள்ள குண்டிலேயே பல தயாரிப்புத் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு எது இசைகிறதோ அந்தத் தொகுதியையே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு குழலுக்கு அமிர்தமான குண்டு அதே மாதிரியான இன்னொரு குழலுக்கு ஆகாமற்போவது சர்வ சாதாரணம்.

பிரிட்டனில் முயலைக் காற்றுத் துப்பாக்கியால் வேட்டையாடுவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அங்குள்ள விவேகமுள்ள வேட்டைக்காரர்கள், தாம் சுடும் குண்டுகள் அனைத்தும் ஓர் அங்குல வட்டத்துக்குள் விழுகிற தூரம் எதுவோ அதற்கு அப்பால் எந்த ஜீவனையும் குறிவைப்பதில்லை என்று நியமம் வைத்திருக்கிறார்கள். தலையில் பட்டாலொழிய முயல் உடனே சாவதில்லை. நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிக்கு 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள் 4.5 மில்லிமீட்டர் குழலையும் 20 ஜூல் சக்தியையும் எல்லையாக வகுத்திருக்கின்றன. அரைக் கிராம் சொச்சமுள்ள குண்டு விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் சக்தி பத்து ஜூல் அளவுதான். இதைக்கொண்டு ஏரியின் நடுவில் நிற்கும் கொக்கைச் சுடுகிறவன் அதைக் கொல்வதில்லை. எங்கோ ஒரு புதரில் பல நாள் கிடந்து சாகும்படி காயப்படுத்தி அனுப்புகிறான்.

1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சிறு வேட்டைக்கென்று ஓர் அட்டவணையும் அதற்கு லைசென்ஸும் வைத்திருந்தது. 1991-ஆம் வருஷத்துத் திருத்தம் அந்த வாசலையும் அடைத்துவிட்டது. கொல்வது மட்டுமன்றிக் காயப்படுத்துவதும், முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும்கூட அச்சட்டத்தின்படி வேட்டையே. மூன்று வருஷம் வரை சிறைவாசமும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சட்டம் டெல்லியிலிருந்து வந்தது என்று அலட்சியம் செய்கிறவர்கள் தங்கள் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் சரித்திரத்தையாவது நினைக்க வேண்டும். ஒரகடத்துக்குத் தெற்கே, மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கலில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, படிப்பும் பதவியும் இல்லாத குடியானவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமைக்கு அவரிடம் எழுத்து மூலமான கவுலும், அதாவது உறுதிப் பத்திரமும், வாங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. அது வெறும் ஜீவகாருண்யம் மட்டுமன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் செழித்தது என்கிற சம்சாரிக் கணக்கும் அதில் இருந்தது. 1936-இல் அது சரணாலயமென்று அங்கீகாரம் பெற்றது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சர் ஈரநிலங்களின் வரிசையிலும் சேர்ந்தது. ஒரகடத்தைச் சுற்றிலும் ஆலைச் சுவர்களுக்கிடையே மிஞ்சியிருக்கும் ஏரிகளில் இரை தேடுகிற கொக்குக்கும் நாரைக்கும் எது சரணாலயத்தின் எல்லை, எது சிப்காட் தொழிற்பேட்டையின் எல்லை என்று தெரியாது.

ஆகவே, ஏர் கன் வைத்திருக்கும் இளைஞர்களே, மூன்று நான்கு வகைக் குண்டுகளில் சிறு டப்பா ஒவ்வொன்று வாங்கி, பின்னால் கெட்டியான தடுப்பு வைத்து, துப்பாக்கியை மணல் மூட்டையின் மேல் சாய்த்து, பத்து மீட்டரில் ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகக் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். துளைகள் எதில் நெருங்கி விழுகின்றனவோ அதுவே உங்கள் குண்டு. ஈயம் விஷமாதலால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். ஏரிக்கரையில் எவரேனும் பறவையையோ முயலையோ குறிவைக்கக் கண்டால், தயவுசெய்து வனத்துறைக்கு உடனே தகவல் கொடுங்கள்.